நாற்பத்தொன்பது பேரின் ரயில்

சென்ற பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ததாமி ரயில்பாதையில் போய்வந்தேன். காலையில் டோக்கியோவில் கிளம்பி இரவு வீடு திரும்பிய ஒரே நாள் பயணம். ஃபுகுஷிமா மாகாணத்தின் அய்ஸு-வகமாட்சுவில் தொடங்கி, மலைகளைக் கடந்து, நீகாட்டா மாகாணத்தின் கொய்தேயில் முடிகிற பாதை அது. நீளம் 135.2 கிலோமீட்டர். முழுவதும் கடக்க ஏறக்குறைய நாலரை மணி நேரம். உடன் வேலை பார்க்கும் நண்பனைக் கூப்பிட்டேன். “நாலரை மணி நேரமா? நம்மூர் பாசஞ்சரே தேவலாம்டா. நீ போயிட்டு வா,” என்றான்.

பனி மூடிய மலைகளுக்கு நடுவே கண்ணாடி போல அசையாத ஆறு. அதன் மேல் ஓர் இரும்பு வளைவுப் பாலம். பாலத்தில் இரண்டே பெட்டிகளுடன் ஒரு ரயில். இந்தப் படத்தை ஏதாவது நாட்காட்டியிலோ கைபேசித் திரையிலோ நீங்களும் பார்த்திருக்கலாம். அந்தப் பாலம் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. நானும் படத்தைப் பார்த்துத்தான் முதலில் ஆசைப்பட்டேன். ஆனால் டிக்கெட் எடுக்க வைத்தது ஓர் எண்: 49.

2010 நிதியாண்டில், இந்தப் பாதையின் நடுவிலுள்ள அய்ஸு-கவகுச்சி – ததாமி பகுதிக்கு ஜே.ஆர். கிழக்கு ரயில்வே காட்டிய கணக்கு அது. ஒரு நாளில் ஒரு கிலோமீட்டர் பாதையைச் சராசரியாகக் கடந்துபோகிற பயணிகளின் எண்ணிக்கை. முழுத் தூரமும் போகிறவர் ஒருவராகவும், பாதியில் இறங்குகிறவர் அரை ஆளாகவும் அதில் கணக்காவார்கள். அதாவது நாள் முழுக்க ஓடும் எல்லா ரயில்களையும் சேர்த்தால் ஒரு டவுன் பஸ் கூட்டம். அடுத்த வருடமே வெள்ளம் வந்து அந்தப் பகுதியை அடித்துக்கொண்டு போனது. 27.6 கிலோமீட்டர். பதினோரு வருடம் கழித்து, ஏறக்குறைய 900 கோடி யென் செலவில் அதை மறுபடி கட்டினார்கள். இது எனக்குப் புரியவே இல்லை.

புரியாததற்குக் காரணம் என் தொழில். யாரும் அதிகம் பயன்படுத்தாத மென்பொருள் சேவைகளைக் கண்டுபிடித்து மூடுவது என் வேலையின் ஒரு பகுதி. மாதம் எத்தனை பேர், செலவு எவ்வளவு, மூடினால் மிச்சம் எவ்வளவு என்று ஒரு பக்க அறிக்கை எழுதுவேன். முந்தைய வருடம் அப்படி மூடியவற்றில் ஒன்று, ஃபேக்ஸில் வரும் ஆர்டர்களைப் படித்துக் கணினியில் ஏற்றும் ஒரு பழைய நிரல். மிச்சமிருந்த வாடிக்கையாளர்கள் 37 பேர். எல்லோருக்கும் முறைப்படி மூன்று முறை அறிவிப்பு போனது. மூடி ஒரு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது, கையால் எழுதியது. கோபம் எதுவும் இல்லை. இனி ஃபேக்ஸை எந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று மிகப் பணிவாகக் கேட்டிருந்தார் ஒரு கடைக்காரர். அதற்குப் பதில் எழுதும் வேலையும் எனக்கே வந்தது. எழுதினேன். என்ன எழுதினேன் என்று இங்கே சொல்ல விருப்பமில்லை.

அய்ஸு-வகமாட்சுவில் மதியம் ஒரு மணிக்கு மேல் ரயில் கிளம்பியது. டீசல் வண்டி, இரண்டு பெட்டி. இருக்கைக்கு அடியில் ஹீட்டர் இருந்ததால் கால் சுட்டது, ஜன்னல் பக்கத் தோள் குளிர்ந்தது. பாதிக்கு மேல் காமிராக்காரர்கள். மீதி, பைகளோடு ஊர் திரும்பும் வயதானவர்கள். முதல் ஒரு மணி நேரம் சமவெளி. பனிக்கு அடியில் நெல் வயல்கள் என்பது வரப்பின் மேடுகளை வைத்துத்தான் தெரிகிறது. அதற்குப் பிறகு மலை நெருங்கி வர, ததாமி ஆறு சேர்ந்துகொள்கிறது.

இந்தப் பாதை ஒரே மூச்சில் போட்டதல்ல. 1926-ல் அய்ஸு-பங்கே வரை, 1928-ல் அய்ஸு-யனாய்ஸு வரை, 1941-ல் அய்ஸு-மியாஷிதா வரை, போருக்குப் பிறகு 1956-ல் அய்ஸு-கவகுச்சி வரை. முப்பது வருடத்தில் அறுபது கிலோமீட்டர். அந்தப் பக்கம் நீகாட்டாவிலிருந்து 1942-ல் ஒரு துண்டு வந்து மலையடிவாரத்தில் நின்றுவிட்டது. நடுவில் மலை. இந்த வேகத்தில் போயிருந்தால் இரண்டு முனைகளும் சேர்ந்தே இருக்காது. சேர்த்து வைத்தது சிமெண்ட்.

போர் முடிந்தபோது ஜப்பானில் மின்சாரம் போதவில்லை. ஓசே சதுப்புநிலத்தில் பிறக்கும் ததாமி, செங்குத்தான பள்ளத்தாக்குகள் வழியே இறங்குகிற ஆறு. குளிர்காலம் முழுக்கப் பனியாகச் சேர்ந்த தண்ணீர் வசந்தத்தில் உருகி வரும். மின்சாரத்துக்கு இதைவிட நல்ல ஆறு கிடைக்காது. தண்ணீர் யாருக்கு என்று இரண்டு மாகாணங்களும் வருடக்கணக்கில் சண்டை போட்டன. மேல்பகுதியிலேயே சுரங்கம் வெட்டித் தங்கள் பக்கம் திருப்ப வேண்டும் என்றது நீகாட்டா. ஆறு போகிற வழியிலேயே படிப்படியாக அணை கட்ட வேண்டும் என்றது ஃபுகுஷிமா. கடைசியில் பெரும்பாலும் ஃபுகுஷிமாவின் திட்டமே நிறைவேறியது. இதற்காகச் சட்டம் போட்டு, 1952-ல் அரசு தொடங்கிய மின்வள மேம்பாட்டு நிறுவனம் ததாமியின் மேல்பகுதியில் இரண்டு பெரிய அணைகளைக் கட்டியது. தகோகுரா, 145 மீட்டர் உயரம். அதற்கு மேலே ஓகுததாமி, 157 மீட்டர்.

அவ்வளவு பெரிய அணைக்குச் சிமெண்ட் கொண்டுபோக மலைச் சாலைகள் போதாது. அதனால் கவகுச்சியோடு நின்றிருந்த ரயில்பாதையை 1957-ல் அந்த மின் நிறுவனமே தன் செலவில் ததாமி வழியாக அணை கட்டும் இடம் வரை நீட்டியது. சரக்கு மட்டும் போகும் தனிப் பாதை. வேலை முடிந்ததும் அது தேசிய ரயில்வேயிடம் கைமாறி, 1963-ல் ததாமி வரை பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் 49 பேர் போன அதே 27.6 கிலோமீட்டர்தான் இது. அது முதலில் ஆட்களுக்காகப் போட்ட பாதையே அல்ல. தகோகுராவில் 1959-ல் உற்பத்தி தொடங்கியது. மின்சாரம் வடகிழக்குப் பகுதிக்கும், மலைகளைத் தாண்டி டோக்கியோ பக்கத்துக்கும் போனது.

முதலாம் ததாமி ஆற்றுப் பாலம் வந்தபோது ரயில் வேகத்தைக் குறைத்தது. எல்லோரும் ஜன்னல் பக்கம் எழுந்தார்கள், நானும்தான். கீழே ஆறு பச்சையும் கருப்பும் கலந்து அசையாமல் கிடந்தது. இரண்டு கரையின் பனியும் மரங்களும் தலைகீழாக அதில் தெரிந்தன. மலையாறு இப்படி அசையாமல் கிடக்குமா என்று அப்போதுதான் யோசித்தேன். கிடக்காது. ததாமியில் அணைக்குக் கீழே அணையாக வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். நாம் பார்ப்பது ஆறு இல்லை, ஒன்றன்பின் ஒன்றாகத் தேக்கிய நீர். நாட்காட்டிப் படத்தில் நாம் இயற்கை என்று நினைக்கும் அந்தக் கண்ணாடியே மின்சாரத்துக்காகச் செய்தது.

எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த பாட்டி அப்போதும் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்து, உறை பிரித்த ஒரு மாண்டரின் ஆரஞ்சை நீட்டினார். வகமாட்சுவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். இறங்கும் ஊர் அய்ஸு-யோகோதா, கவகுச்சிக்கு அப்பால். அவருடைய அய்ஸு வழக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. என் ஜப்பானிய மொழியும் அவருக்கு அந்த அளவில்தான் புரிந்திருக்கும்.

கவகுச்சி நிலையம் ஆற்றை ஒட்டியே இருக்கிறது. நடைமேடைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இடமே இல்லாதது போலத் தோன்றும். ரயில் சற்று நேரம் நின்றது. காமிராக்காரர்கள் இறங்கி ஓடினார்கள். இங்கிருந்து அந்த 27.6 கிலோமீட்டர்.

2011 மார்ச் 11-ம் தேதி நிலநடுக்கத்தையும் சுனாமியையும் அணுஉலை விபத்தையும் உலகமே பார்த்தது. அதே வருடம் ஜூலை கடைசியில், அதே ஃபுகுஷிமா மாகாணத்தின் மறுகோடியில், மூன்று நான்கு நாள் விடாமல் பெய்த மழையை வெளியில் அதிகம் பேர் கவனிக்கவில்லை. ததாமி ஆறு பெருகி ஐந்தாம், ஆறாம், ஏழாம் பாலங்களை அடித்துச் சென்றது. மற்ற இடங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்து 2012 அக்டோபருக்குள் திறந்துவிட்டார்கள். இந்தப் பகுதி மட்டும் அப்படியே நின்றது. பதிலுக்குப் பேருந்து ஓடியது.

பேருந்தே போதும் என்பது ரயில்வேயின் யோசனை. 49-ஐ வைத்துப் பார்த்தால் அதில் தவறு சொல்ல முடியாது. லாபத்தில் இயங்கும் நிறுவனத்தின் பாதையைச் சீர்செய்ய அரசு பணம் தர அன்றைய சட்டத்தில் இடமும் இல்லை. ஊர்க்காரர்கள் விடவில்லை. 2017-ல் ஃபுகுஷிமா மாகாணமும் ரயில்வேயும் ஒப்பந்தம் போட்டன. தண்டவாளமும் பாலங்களும் மாகாணத்துக்குச் சொந்தம். அவற்றைப் பராமரிக்கும் செலவு மாகாணத்தோடும் அய்ஸு பகுதி நகராட்சிகளோடும் சேர்ந்தது. ரயில்வே வண்டியை மட்டும் ஓட்டும். 2018-ல் சட்டமும் திருத்தப்பட்டு அரசின் பங்கு கிடைத்தது. 2022 அக்டோபர் 1-ம் தேதி ரயில் திரும்ப வந்தது. வருடந்தோறும் செலவை ஏற்றுக்கொண்டவை எப்படிப்பட்ட ஊர்கள் தெரியுமா? இங்குள்ள கனேயாமா நகராட்சியின் மக்கள்தொகை 2,000-க்கும் குறைவு. அதில் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள்.

பாட்டியிடம் கேட்டேன், ரயில் வந்தது ரொம்ப வசதியா என்று. எதிர்பார்த்த பதில் வரவில்லை.

“வசதின்னா பஸ்ஸுதான் வசதி. வீட்டுக்குப் பக்கத்துலயே நிக்கும். ஸ்டேஷனுக்கு இந்தப் பனியில நடக்கணும்ல,” என்றார்.

“அப்புறம் ஏன் எல்லாரும் ரயில் வேணும்னு கேட்டீங்க?”

கொஞ்சம் யோசித்தார். “பஸ்ஸு எங்களுக்கு மட்டும்தான். யாரு வந்து அதுல ஏறுவா? ரயில் இருந்தா உங்கள மாதிரி ஆளுங்க வருவீங்க.”

யோகோதாவில் இறங்கினார். அவரோடு இறங்கியது இன்னொருவர் மட்டும். பனியைச் செதுக்கி ஒரு ஆள் அகலத்துக்கு வழி செய்திருந்தார்கள். அதில் நடந்துபோனவர் ரயில் நகரும்போது திரும்பிக் கையசைத்தார். இந்த வழித்தடத்தில் ரயிலைப் பார்த்துக் கையசைப்பது ஒரு வழக்கம். ததாமி ஊராட்சி அதற்கென்று விதியே இயற்றியிருக்கிறது, தண்டனை எதுவும் இல்லாத விதி.

பாட்டி சொன்னதைப் பொருளாதாரமாகவும் எடுத்துக்கொள்ளலாம், சுற்றுலா வருமானம் என்று. நான் அப்படி மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ரயில்வேயின் கணக்கில் இந்தப் பகுதியின் வரவு, இங்கே டிக்கெட் எடுத்தவர்களின் காசு மட்டும். ஆனால் 1957-லிருந்து இந்தத் தண்டவாளத்தின் மேல் போன சிமெண்ட்டால் எரிந்த விளக்குகள் அந்தக் கணக்கில் வராது. அது வேறொரு நிறுவனத்தின் புத்தகம். கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே பாதை நஷ்டமாகவும் லாபமாகவும் தெரியும். டோக்கியோவில் பத்து வருடமாக விளக்கைப் போட்டு அணைக்கும் நான் எந்தப் புத்தகத்திலும் இல்லை. 2011-ல் வெடித்த அணுஉலையின் மின்சாரமும் ஃபுகுஷிமாவுக்கானது இல்லை, டோக்கியோ பக்கத்துக்கானது.

எதிர்வாதமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 900 கோடி யெனுக்கு இந்த மலையூர்களில் எத்தனை மருத்துவர்களை வைத்திருக்கலாம், எத்தனை வீட்டுக் கூரைகளில் பனி தள்ள ஆள் அனுப்பியிருக்கலாம்? பாட்டியே பஸ்தான் வசதி என்கிறார். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

இந்தப் பாதை தப்பிப் பிழைத்தது இது முதல் தடவையும் இல்லை. தேசிய ரயில்வே கடனில் மூழ்கிக்கொண்டிருந்த 1980-ல் ஒரு சட்டம் வந்தது. நாளொன்றுக்கு 4,000 பேருக்குக் குறைவாகப் போகும் கிளைப் பாதைகளைக் கைவிடலாம் என்றது. அதன்படி நாடு முழுக்க 83 பாதைகளை ரயில்வே கைகழுவியது. ததாமி அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் சட்டம் எண்ணோடு நிற்கவில்லை, அடுத்த கேள்வியையும் கேட்டது: ரயிலை நிறுத்தினால் போக வேறு சாலை இருக்கிறதா? இருந்தாலும் பனிக்காலத்தில் திறந்திருக்குமா? ததாமியிலிருந்து நீகாட்டாவுக்கு ரோக்குஜூரிகோயே கணவாய் வழியே போகும் 252-ம் எண் தேசிய நெடுஞ்சாலை குளிர்காலம் முழுக்க மூடிக்கிடக்கும். இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் பனி. ஆகவே ததாமி பாதை விதிவிலக்கானது. பனி காப்பாற்றிய ரயில். இதே பனி கடுமையானால் ரயிலையும் வாரக்கணக்கில் நிறுத்திவிடும். அதனால்தான் முந்தின நாள் முழுக்க நான் ரயில் நிலவரப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் அறிக்கைகளில் அந்த இரண்டாவது கேள்விக்கு இடமே இருந்ததில்லை.

ததாமியை விட்டுக் கிளம்பும்போது வெளிச்சம் மங்கியிருந்தது. அடுத்த நிலையம் ஓஷிரகவா, 20.8 கிலோமீட்டர் தள்ளி. நடுவில் ஒரு நிலையமும் இல்லை. 2013 வரை ஒன்று இருந்தது, அதன் பெயர் தகோகுரா.

தகோகுரா ஒரு கிராமம். அணைக்காக மூழ்கியது. ஐம்பது குடும்பங்கள். பனி உருகும் காலத்தில் ஆற்று மீனும், மலையில் கீரையும் காளானும், குளிர்காலத்தில் வேட்டையும் என்று வாழ்ந்தவர்கள். இழப்பீடு எவ்வளவு என்பதில் வருடக்கணக்கில் இழுபறி நடந்து நாடு முழுக்கச் செய்தியானது. ஷிரோயாமா சாபுரோ இதை வைத்து ‘பொன் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நாவலே எழுதினார். பெரும் பணம் திடீரென்று ஒரு சின்ன ஊருக்குள் வந்தால் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்பதுதான் அதன் கதை. ஊர் நீருக்குள் போய் ஒரு தலைமுறை கூட முடியாத 1971 ஆகஸ்ட் 29 அன்று, ததாமியையும் ஓஷிரகவாவையும் சேர்த்து ததாமி பாதை முழுமை பெற்றது. அன்று ஏரிக்கரையில் ஒரு நிலையம் திறந்து, மூழ்கிய ஊரின் பெயரை அதற்கு வைத்தார்கள். சுற்றிலும் ஒரு வீடுகூட இல்லாத நிலையம். குளிர்காலத்தில் ரயில்கள் அங்கே நிற்காது. கடைசியில் அதையும் மூடினார்கள். அதற்கும் ஒரு பயணிகள் கணக்கு இருந்திருக்கும், சரியாகவே இருந்திருக்கும்.

முதலில் ஒரு சுரங்கம், மூன்றே முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஜன்னலில் என் முகம் மட்டும். பிறகு சட்டென்று சாம்பல் நிற வெளிச்சம். பனிச்சரிவைத் தடுக்கும் கூரையின் தூண்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. அவற்றுக்கு இடையில் வெள்ளையாக ஏதோ பரந்து கிடந்தது. ஏரியாக இருக்கலாம், ஏரியின் மேல் பனியாக இருக்கலாம். பழைய நடைமேடையைப் பார்க்க வேண்டும் என்று தயாராகத்தான் இருந்தேன். பார்த்தேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சில நொடிகள்தான். அடுத்து ரோக்குஜூரிகோயே சுரங்கம், 6,359 மீட்டர். மறுபடி இருட்டு. பெட்டியில் யாரும் காமிராவை எடுத்திருக்கவில்லை. அங்கே எடுக்க ஒன்றும் இல்லை.

கொய்தேயில் இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. அடுத்த ரயில் பிடித்து உராசா, அங்கிருந்து ஷின்கான்சென். நாலரை மணி நேரம் ஊர்ந்து வந்த மலைகளின் இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் டோக்கியோ. நிலையத்தில் இருந்த விளக்குகளையெல்லாம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை என் மேசையில் மூடுவதற்கான பட்டியல் காத்திருந்தது, மூன்று சேவைகள். அறிக்கையில் புதிதாக இரண்டு பத்திகள் சேர்த்தேன். இதை இன்னும் பயன்படுத்துகிறவர்கள் யார்? மூடினால் அவர்களுக்கு வேறு வழி உண்டா? மேலாளர் படித்துவிட்டு, “இதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?” என்று மட்டும் கேட்டார். ஆளுக்கு ஒரு போன் செய்தால் இரண்டு வாரம் என்றேன். சரி என்றார். இரண்டு சேவைகளை அப்படியும் மூடினோம். அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு வேறு வழி இருந்தது. மூன்றாவதை இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறோம். அதன் பயனர்கள் 22 பேர். அதில் ஒன்பது பேரிடம் நான் பேசியிருக்கிறேன்.